பீரோவுக்குள் போன மார்க் ஷீட்

அன்றைக்கு அந்த அறையில் ஏழு பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் இன்ஸ்டிடியூட்டின் சார். அவருக்குப் பக்கத்தில் ரசீது எழுதும் பெண். எதிரே மூன்று நாற்காலிகளில் அப்பா, என் தங்கை, நான். சுவரோரப் பெஞ்சில் ஒலக்கூரிலிருந்து வந்த ஒரு அம்மாவும் அவள் மகளும். வேறு யாரும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முந்தைய அறை. கண்ணை மூடினால் இன்றைக்கும் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். யாராவது என்னைத் தடுத்திருக்கலாமே என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் தடுக்கத்தான் செய்தார்கள். நான்தான் கேட்கவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மாடியில் அந்த இன்ஸ்டிடியூட். படி இருபத்திரண்டு. ஏறும்போதே எண்ணினேன். எந்தப் புது இடத்துக்குப் போனாலும் நெருப்புப் பிடித்தால் எப்படி ஓடுவது என்று பார்த்துவைப்பது என் வழக்கம். தங்கை இதற்கெல்லாம் சிரிப்பாள். "பஸ்ல குந்தினா டிரைவர் தூங்குறாரான்னு எட்டி எட்டிப் பாத்துக்கினே வர்ற ஆளு நீ" என்பாள்.

நான் ஒன்பதாவது பாதியில் நின்றவள். அம்மா படுத்த வருஷம் அது. அம்மா போன பிறகு வீட்டில் அப்பா, நான், என்னைவிடப் பத்து வயசு சின்னவளான தங்கை. அப்பா மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவர். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தேன். அவளைப் படிக்கவைப்பது என் வேலை என்று யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வர கால்மணி தாமதமானால் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன்.

அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பா மூட்டையோடு விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே எக்ஸ்ரே எடுக்கிற அம்மா அப்பாவின் கையை எப்படி வைக்க வேண்டும் என்று தொட்டுத் தொட்டுச் சரிசெய்தார். படம் கம்ப்யூட்டரில் வந்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. தங்கை மட்டும் கிட்டே போனாள். பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அதே பேச்சு.

"வெள்ளையா எலும்பு, அதுல மயிரு மாதிரி ஒரு கோடு. டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடியே அந்தம்மா பாத்துட்டாங்கக்கா. நான் அதுதான் படிக்கப் போறேன்."

"அந்தக் கதிர் ஒடம்புக்கு ஆகாதாமேடி. எதிர்வீட்டுல சொன்னாங்க. நாளைக்குக் கல்யாணம், கொழந்தைன்னு…"

"அந்தம்மா வெளிய வந்துதான் பட்டனை அமுக்குனாங்க. பாக்கலியா நீ? நீதான் கண்ணை மூடிக்கினு இருந்தியே."

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். உயிரியலில் தொண்ணூற்றிரண்டு. பிரவுசிங் சென்டருக்குப் போய் அரசு ஆஸ்பத்திரியிலேயே படிக்கிற எக்ஸ்ரே படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தாள். ரேங்க் பட்டியல் வரும், அப்புறம் கலந்தாய்வுக்குக் கூப்பிடுவார்கள், ஃபீஸ் ரொம்பக் கம்மி, அதுவரைக்கும் காத்திருந்தால் போதும் என்றாள்.

காத்திருப்பது எனக்கு ஆகாது. ஆனி முடியப் போகிறது, பட்டியல் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் இந்த இன்ஸ்டிடியூட்டின் பெரிய பேனர் தொங்கியது. எக்ஸ்ரே, ஸ்கேன் டெக்னீஷியன் படிப்பு, வேலை நிச்சயம், ஆடிக்கு முன்னால் சேர்ந்தால் ஐயாயிரம் தள்ளுபடி. அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். அரசு சீட்டும் வராமல், இதுவும் நிரம்பிப் போனால்? ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அவளும் என்னை மாதிரி மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாளோ? அந்த நினைப்புதான் என்னை உலுக்கியது.

அப்பாவுக்கு வேறு கணக்கு. "ஆடி பொறந்துட்டா ஒண்ணும் ஆரம்பிக்கக் கூடாது. ஒரு மாசம் சும்மாக் குந்திக்கினு இருக்கணும். அட்வான்ஸை மட்டும் ஜல்தியா குடுத்து வச்சிடலாம்."

"கவர்மெண்டுக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாதுப்பா" என்றாள் தங்கை. "கொஞ்சம் பொறுங்க."

நாங்கள் பொறுக்கவில்லை. ஆனி கடைசி வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து அந்த இருபத்திரண்டு படி ஏறினோம்.

கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பெண்களுக்குத் தனி பாத்ரூம் இருக்கிறதா? வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்? பையன்கள் எத்தனை பேர்? மழை வந்தால் வகுப்பு விடுவீர்களா? எல்லாவற்றுக்கும் சார் பொறுமையாகப் பதில் சொன்னார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சார், இந்தக் கோர்ஸுக்கு கவர்மெண்ட் அங்கீகாரம் இருக்குதா?"

சார் திரும்பிப் பார்க்காமலே பின்சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டம் போட்ட நாலு சான்றிதழ்கள், எல்லாம் ஆங்கிலத்தில், தங்க நிற முத்திரையோடு. "எல்லாம் அதோ மாட்டி இருக்கும்மா."

அவள் எழுந்து போய் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். சார் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய மனுஷர் பேசும்போது சின்னப்பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்குக் கூசியது. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். "மரியாதையா குந்துடி." அவள் இரண்டாவது சட்டத்தைப் பாதி படித்திருந்தாள்.

மொத்தம் எண்பத்தைந்தாயிரம். அப்பா இடுப்பிலிருந்து பதினைந்தாயிரத்தை எடுத்து வைத்தார். அப்போதுதான் சார் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கேட்டார். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ்.

பெஞ்சில் இருந்த ஒலக்கூர் அம்மாவுக்கும் அதே முறை. அவள் எழுந்தாள்.

"ஒரிஜினல்லாம் குடுக்க மாட்டேன் சார். ஜெராக்ஸ் வேணா வச்சிக்குங்க."

"அப்ப சீட் இல்லம்மா."

"வேணாம் சார். மூத்தவ விஷயத்துல ஒரு தபா பட்டது போதும். வாடி போலாம்." போகிற போக்கில் என்னைப் பார்த்து, "யோசிச்சுக் குடும்மா" என்றாள்.

சார் சிரித்தார். "கையில நாலு காசு வச்சிக்கினு வர்றதில்ல, வாயி மட்டும் எட்டூருக்கு." ரசீது எழுதும் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

தங்கை என் காதோரம், "அக்கா, குடுக்காத. கலந்தாய்வுக்கு வேணும்" என்றாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன்.

ஏன் கொடுத்தேன் என்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். மிரட்டி வாங்கவில்லை. எனக்கு அந்தத் தாள்களை வீட்டில் வைத்திருக்கவே பயம். அதற்கு முந்தின மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து, ரேஷன் கார்டு ஊறிப் போய், அதைத் திரும்ப வாங்க நான் தாலுக்கா ஆபீசுக்கு நடந்தது போதும் போதும் என்றாகிவிட்டது. மார்க் ஷீட் வந்த நாளிலிருந்து மூன்று பிளாஸ்டிக் கவர் போட்டு, அரிசி டிரம்மில் ஒரு வாரம், பரணில் ஒரு வாரம், என் தலையணைக்கடியில் ஒரு வாரம் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன். எனக்கென்று ஒரு சர்டிபிகேட் இருந்திருந்தால் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்திருக்கும். சார் இரும்பு பீரோவைத் திறந்து, வரிசையாக அடுக்கியிருந்த ஃபைல்களைக் காட்டி, "பேங்க் லாக்கர் மாதிரி இருக்கும்மா" என்றார். சாவி திரும்பிய சத்தத்தைக் கேட்டதும் என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆவணி பிறந்த இரண்டாவது சனிக்கிழமை தங்கை போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தாள். ரேங்க் நன்றாக வந்திருந்தது. வியாழக்கிழமை காலை கலந்தாய்வு. அவளுக்கு முன்னால் இருக்கிறவர்களையும் இருக்கிற சீட்டையும் அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். விழுப்புரத்திலேயே கிடைத்துவிடும் என்றாள். என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். பிறகு செய்தியின் கடைசி வரியை மறுபடி படித்தாள். அசல் சான்றிதழ்களுடன் வரவும். கையை எடுத்துவிட்டாள்.

அன்றே இன்ஸ்டிடியூட்டுக்குப் போனோம். சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தாராளமா எடுத்துக்கினு போங்க. மீதி எழுபதாயிரத்தைக் கட்டிட்டு. நடுவுல காலியாற சீட்டை நான் யாருக்குக் குடுக்கறது?"

அப்பா கையைக் கூப்பினார். தோள் சரியாகக் கூடாததால் வலது கை முழுதாக மேலே வராது. "ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க சார். காமிச்சிட்டுக் கொண்டாந்து குடுத்துடறோம்."

"இது இன்னா வாடகை சைக்கிளா பெரியவரே?"

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை ஒரு வெள்ளைத் தாளை என் தையல் மெஷின்மேல் வைத்தாள். மனு. அழகான கையெழுத்தில் நடந்ததையெல்லாம் எழுதியிருந்தாள்.

"நாளைக்குத் திங்கக்கிழமை. விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. ஃபர்ஸ்ட் பஸ்ஸுக்குப் போயிடலாம்க்கா. என் கூடப் படிச்சவளோட அண்ணன் சொன்னாரு, சர்டிபிகேட்டைப் புடிச்சி வச்சிக்க அவங்களுக்கு உரிமையே கெடையாதாம்."

நான் தையலை நிறுத்தினேன். "அந்தாளு கோவத்துல கிழிச்சுப் போட்டுட்டா? காணாமப் பூட்ச்சின்னு சொல்லிட்டா? அப்புறம் இன்னா பண்ணுவ?"

"கிழிக்க மாட்டாருக்கா. அவருக்கு அது எழுபதாயிரம்."

"பேஜாரு புடிச்ச வேலை பாப்பா இது. நம்மால முடியாது. பணத்தைப் பொரட்டிடறேன். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கினதுதான் இது" என்றாள். சத்தம் போடவில்லை. நான் அந்தத் தாளை மடித்து நூல்கண்டு டப்பாவில் போட்டு மூடினேன். அவளுக்குப் பதினெட்டு வயசு ஆகியிருந்தது. என்னை மீறிப் போயிருக்கலாம். போகவில்லை. அக்கா சொன்னால் சரி என்று பழக்கிவைத்ததும் நான்தான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அலைந்தேன். மகளிர் குழுத் தலைவி, தீர்மானம் போட்டு பேங்கிலிருந்து பணம் வர பத்து நாளாவது ஆகும் என்றார். என் தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்தேன். ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடம் முன்பணமாகக் கேட்டேன். மூட்டை தூக்குகிற ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் அப்பாவிடம் கொடுத்தார்கள். புதன்கிழமை சாயந்திரம் முப்பத்தோராயிரத்தோடு படியேறினோம். சார் எண்ணிப் பார்க்கக்கூட இல்லை.

"பாதிக் காசுக்கு மார்க் ஷீட்டைப் பாதியா கிழிச்சா குடுக்க முடியும்?"

வியாழக்கிழமை நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஜாக்கெட் கையைத் திரும்பத் திரும்ப வைத்துத் தைத்துப் பிரித்தேன். அவள் சுவரில் சாய்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றேகாலுக்கு, "இந்நேரம் என் நம்பரைக் கூப்ட்டிருப்பாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு தபா கூப்புடுவாங்களாம்" என்றாள். அப்புறம் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினாள்.

அதன் பிறகு இன்ஸ்டிடியூட்டைத் தவிர வழியில்லை என்று ஆகிவிட்டது. குழுக்கடன் எழுபதாயிரம் என் பெயரில் வந்தது. இன்னும் ஏதாவது கூட்டிவிடுவாரோ என்ற பயத்தில் வந்த அன்றே முழுசாகக் கொண்டுபோய்க் கட்டினேன். அதற்கு முன் புரட்டிய பணத்தை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்து, அடகு வைத்ததையும் மீட்டேன். பணம் கட்டின பிறகாவது சர்டிபிகேட் கொடுங்கள் என்றதற்கு, படிப்பு முடியும்போது என்றார் சார்.

இரண்டு வருஷம் படித்தாள். அங்கே ஒரு எக்ஸ்ரே மெஷின் இருந்தது. அதற்குக் கரண்டு இணைப்பு இல்லை. துணி போட்டு மூடி, சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைப்பார்களாம். பயிற்சிக்கு என்று விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கே டோக்கன் கொடுத்தாள், பேஷண்டுகளைத் தள்ளுவண்டியில் தள்ளினாள். ஆனாலும் விடவில்லை. பழைய புத்தகம் வாங்கி, எந்த எலும்புக்கு ஆளை எப்படி நிறுத்த வேண்டும், எந்தக் கோணம் என்று அப்பாவை நிறுத்திவைத்துப் பழகினாள். அப்பா கையை ஒரு பக்கமும் தலையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, "இப்புடியே நின்னா எனக்குப் புதுசா ஒண்ணு ஒடையும்டி" என்பார். அந்த வீட்டில் அந்த இரண்டு வருஷம் சிரித்ததெல்லாம் அப்போதுதான்.

படிப்பு முடிந்து சர்டிபிகேட் வாங்கப் போன அன்று நானும் கூடப் போனேன். சார் பீரோவைத் திறக்கவில்லை. ரசீது எழுதும் பெண் ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். தங்கையுடைய மார்க் ஷீட் இன்னும் பலருடையதோடு ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தது. ஓரத்தில் ஈரம் பட்டுப் பழுப்பேறியிருந்தது. டி.சி.யில் பின் துருப்பிடித்து ஓட்டை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். தங்கை அதை வாங்கி ஊதி, பைக்குள் வைத்துக்கொண்டாள். "எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்குது. வா."

கூடவே கொடுத்த டிப்ளமா தாள் பெரியதாக, பளபளப்பாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் மூன்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றிலும் ஒரே கேள்வி, அவள் முதல் நாள் கேட்ட அதே கேள்வி. மூன்றாவது இடத்தில் ஒருவர், இந்தத் தாளை வைத்துக்கொண்டு எக்ஸ்ரே மெஷினில் உங்களை நிறுத்தினால் எங்களுக்குத்தான் சிக்கல் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினாராம். கடைசியில் பயிற்சி எடுத்த அதே ஸ்கேன் சென்டரில் உதவியாள் வேலை கிடைத்தது. மாதம் ஒன்பதாயிரம். தினமும் காலையில் விழுப்புரம் பஸ்.

போன வருஷம் துணி எடுக்க விழுப்புரம் போனபோது அங்கே எட்டிப்பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், கரும்பு வெட்டும்போது விழுந்தவராம், தோளைத் தொடவிடாமல் கத்திக்கொண்டிருந்தார். தங்கை அவர் காதுக்குப் பக்கத்தில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் கை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பிறகு அவள் வெளியே வந்து நின்றுகொண்டாள். இன்னொரு பெண் உள்ளே போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, திரும்பி வந்து பட்டனை அமுக்கினாள். அந்தப் பெண்ணும் நல்லவள்தான். தங்கை வயசு. அவள் எங்கே படித்தாள் என்று கேட்டேன்.

"பெரியாஸ்பத்திரில. நான் போயிருந்தா ரெண்டு பேரும் ஒரே செட்டு" என்றாள் தங்கை. "டீ சாப்புடறியா?"

அவள் என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். ஜாக்கெட் கொடுக்க வந்த ஒரு டீச்சரிடம் ஒருமுறை இந்தக் கதையைச் சொன்னபோது, "மனு குடுத்திருந்தா மறுநாளே குடுத்திருப்பாங்களே. எங்க ஸ்கூல் பொண்ணு ஒருத்திக்கு அப்படித்தான் கெடச்சுது" என்றார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, எடுத்த அளவையே மறுபடி எடுத்தேன். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. நான் பயப்படாததுதான் நடந்தது.

குழுக்கடனுக்கு நான்தான் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் முதுகுவலி வந்து ஆறு மாதம் மெஷினில் உட்கார முடியாமல் தவணை தவறி, கடனைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதக் கூட்டத்துக்குப் பயந்துகொண்டே போனேன். தலைவி நோட்டைப் புரட்டிவிட்டு, "உன் தங்கச்சி நாலு மாசமா கட்டிக்கினு வர்றாளே, ஒனக்குத் தெரியாதா?" என்றார். வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். என் தப்புக்கு நீ ஏன் கட்டுகிறாய் என்று கேட்டேன்.

"நான்தானே படிச்சேன். நீயா படிச்ச?" என்றாள்.

இந்த வருஷமும் அரசு படிப்புக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். இன்னும் அவளுக்குப் போட வயசு இருக்கிறது, விசாரித்துவிட்டேன். இந்த முறை எல்லாக் கேள்வியையும் சரியாகக் கேட்டேன். கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னால், அவள் வேலைவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"போடேன் பாப்பா. ஒரிஜினல் நம்மகிட்டதான் இருக்குது."

"படிக்கப் போனா சம்பளம் நின்னுடும். குழுவுக்கு யாரு கட்றது? உன் முதுகா கட்டும்?" துண்டால் காலைத் துடைத்தாள். "அது முடியட்டும்க்கா. அப்புறம் பாக்கலாம்."

கடைசித் தேதி போய்விட்டது. மறுநாள் தலைவி வீட்டுக்குப் போய் நோட்டைக் காட்டச் சொன்னேன். என் பெயருக்கு எதிரே, இந்த மாதத் தவணையும் கழிந்து, பாக்கி இருபத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய்.